மூன்று கூடாரங்கள்

கனடா நாட்டில் கோடைகாலம் குறுகியது. யூன் திங்களின் இறுதியில் பள்ளிகள் மூடப்பட்டுச் செப்டம்பர் முதல் வாரத்தில் மீண்டும் திறக்கப்படும். இடைப்பட்ட இரு மாதங்களில் அந்நாட்டுக் குடும்பங்கள் பல செய்யும் ஒரு காரியம் நம்மவர்க்குச் சற்று விந்தையாகத் தோன்றும். மின்விளக்கும் மெத்தையும் உள்ள வீட்டைப் பூட்டிவிட்டுக் காட்டுக்குச் சென்று, துணிக் கூடாரம் அடித்து, தரையில் படுத்து, விறகு மூட்டிச் சமைத்து, மூன்று நான்கு நாட்கள் வாழ்ந்துவிட்டுத் திரும்புகின்றனர். இதனைக் 'காம்பிங்' என்பர். அங்கு பிறந்து வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகளும் பள்ளித் தோழரிடம் இதனைக் கேட்டறிந்து பெற்றோரை விடாது நச்சரிக்கின்றனர்.

2024 ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாம் ரொறன்ரோ நகரில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது, அத்தகைய பயணமொன்றில் உடன்செல்லும் வாய்ப்புக் கிட்டியது. அழைத்தவர்கள் மன்னார்ப் பெருநிலப் பகுதியிலிருந்து புலம்பெயர்ந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தினர். தந்தை, தாய், கனடாவிலேயே பிறந்த ஒன்பது வயதுச் சிறுமி, அவளுடைய அம்மம்மா ஆகிய நால்வரோடு ஐந்தாவது ஆளாக நாமும் வண்டியில் ஏறினோம்.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணத்தின்பின் அல்கோன்குயின் மாகாணப் பூங்காவை அடைந்தோம். பூங்கா என்றதும் மலர்ப் பாத்திகளையும் ஊஞ்சலையும் எண்ணிவிடலாகாது. 1893 ஆம் ஆண்டு ஒன்ராறியோ அரசு காத்து ஒதுக்கிய பெருங்காடு அது. பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கும் மேல். பைன் மரங்களும் மேப்பிள் மரங்களும் செறிந்த அக்காட்டினுள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. தென்பகுதியை ஊடறுத்து 56 கிலோமீற்றர் நீளத்துக்கு 60 ஆம் இலக்க நெடுஞ்சாலை ஓடுகிறது. குடும்பங்கள் தங்கும் இடங்கள் பல அச்சாலையின் அருகே ஏரிக்கரைகளில் அமைந்துள்ளன. கோடையில் இடம் கிடைப்பது எளிதன்று. பல மாதங்களுக்கு முன்னரே பதிவுசெய்து, வரும் நாளையும் திரும்பும் நாளையும் குறித்துப் பணம் செலுத்திவிட வேண்டும்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் இலக்கமிட்ட ஒரு நிலத்துண்டு, ஒரு மரமேசை, நெருப்பு மூட்ட இரும்பு வளையமிட்ட ஒரு குழி. உணவுப் பொருள் எதனையும் கூடாரத்தில் வைத்தலாகாது. சவர்க்காரமும் பற்பசையுங்கூட இரவில் வண்டியினுள் பூட்டப்பட வேண்டும். கருங்கரடி மோப்பம் பிடித்து வந்துவிடும் என்பதே காரணம். வெளியூர் விறகையும் கொண்டு செல்லலாகாது. விறகோடு செல்லும் பூச்சிகள் காட்டு மரங்களை அழித்துவிடும். இவ்விதிகளையெல்லாம் சிறுமி ஓர் ஆசிரியையைப் போல எமக்கு எடுத்துரைத்தாள்.

தந்தை அச்சிட்ட குறிப்பைப் பார்த்துப் பார்த்துக் கூடாரத்தை அடித்துக்கொண்டிருந்தார். அம்மம்மா மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. நாம் அருகிற் சென்று விசாரித்தோம். "சுவாமி, நான் காருக்குள்ளேயே படுக்கிறன். படங்குக்குக் கீழே படுத்து எழும்பினது எனக்குக் காணும்" என்றார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரங்களை அடுக்கலானார். அவ்வீட்டில் அதுகாறும் பேசப்படாத ஏதோ ஒன்று உண்டு என்பது எமக்கு விளங்கிற்று.

இரவுணவின்பின் அனைவரும் நெருப்பைச் சூழ்ந்து அமர்ந்தோம். குளிர் காரணமாக அம்மம்மாவும் வந்து குந்தினார். சிறுமி கேட்டாள்: "அம்மம்மா, நீங்கள் சின்ன வயதில் காம்பிங் போனீங்களா?"

சற்று நேரம் பேசாதிருந்த அம்மூதாட்டி, "போனேன் பிள்ளை. மடுவுக்குப் போனேன்" என்று தொடங்கினார். ஆவணித் திருவிழாவுக்கு ஊரே திரண்டு மாட்டுவண்டி கட்டிப் புறப்படும். மருதமடுக் காட்டில் மரநிழலில் கூடாரம் அடித்து, நவநாள் முழுவதும் அங்கேயே சமையல், அங்கேயே உறக்கம். அந்நாட்களுக்காகவே ஆண்டு முழுவதும் தாம் காத்திருந்ததாக அவர் கூறியபோது, நெருப்பொளியில் அவர் முகம் இளமை பெற்றாற்போலத் தோன்றியது.

"அங்கேயும் கரடி வருமா?"

"கரடியும் வரும், யானையும் வரும். ஆனால் பிறகு ஒருமுறை அதே காட்டுக்குப் போனபோது, நாங்கள் பயந்தது கரடிக்கில்லை."

1990 ஆம் ஆண்டு யூனில் போர் மீண்டும் மூண்டபோது, மன்னார்ப் பகுதி மக்கள் பல்லாயிரவர் மடுத் திருப்பதியில் தஞ்சம் புகுந்தனர். அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகம் அங்கு நிவாரண நிலையம் ஒன்றை நடத்தியது. அம்மக்களுள் இந்த அம்மையாரும் அவருடைய பிள்ளைகளும் இருந்தனர். இன்று கனடாவில் பாத்திரம் அடுக்கிய அந்த மகளுக்கு அப்போது எட்டு வயது. தாம் சிறுமியாய்த் திருவிழாக் கூடாரத்தில் துள்ளி விளையாடிய அதே மரங்களின் கீழ், கிடுகும் படங்கும் கொண்டு தாமே குடில் கட்டியதை அம்மம்மா விரித்துரைத்தார்.

சிறுமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குழந்தைகளுக்கே உரிய நேர்மையோடு வினவினாள்: "எத்தனை நாளுக்கு புக் பண்ணினீங்கள்? எப்போ வீட்டுக்குத் திரும்பினீங்கள்?"

எவரும் விடையிறுக்கவில்லை. விறகு வெடிக்கும் ஓசை மட்டுமே கேட்டது. ஈற்றில் தாய்தான், "அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பவேயில்லை, மகள். நாங்கள் திரும்ப முதலே அது இடிந்துபோச்சு" என்றார். மகளிடம் அவர் அதனைச் சொன்னது அன்றே முதன்முறை. சிறுமி எழுந்து சென்று அம்மம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டாள். அன்றிரவு அம்மம்மா வண்டிக்குச் செல்லவில்லை. பேர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கூடாரத்தினுட் புகுந்தார்.

நள்ளிரவுக்குப்பின் மழை கொட்டத் தொடங்கியது. தந்தை கைவிளக்கோடு குறிப்புத் தாளைத் தேடிக்கொண்டிருக்கையில் அம்மம்மா எழுந்துவிட்டார். துணிச்சுவரில் சாய்ந்திருந்த பைகளையும் போர்வைகளையும் நடுவே இழுத்தார். சுவரில் ஏதேனும் முட்டினால் அவ்விடத்தில் நீர் கசியும் என்பது அவருக்குத் தெரியும். வெளியே சென்று தளர்ந்த கயிறுகளை இறுக்கி, ஈர மண்ணில் ஆடிய முளைகளைச் சரித்து அறைவித்தார். கால்மணி நேரத்தில் எல்லாம் சீராயிற்று. "அம்மம்மா, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வியந்த சிறுமிக்கு, "மாரி மழைக்குள்ளே பழகினது, பிள்ளை" என்ற விடை கிடைத்தது. அக்குரலில் துயரத்தோடு சிறிது பெருமிதமும் கலந்திருந்தது.

விடியற்காலையில் மழை ஓய்ந்து ஏரியின்மீது மூடுபனி படர்ந்திருந்தது. அப்போது நெடிய அழுகுரல் போன்ற ஓர் ஒலி எழுந்தது. அம்மம்மா திடுக்கிட்டார். "பயப்படாதேங்கோ, அது லூன் பறவை. தூரத்திலிருக்கிற சோடியைக் கூப்பிடுது" என்றாள் பேர்த்தி. கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் 1987 ஆம் ஆண்டிலிருந்து பொறிக்கப்பட்டுவரும் பறவை அது. சிறிது பொறுத்து மறுகரையிலிருந்து பதிற்குரல் வந்தது. இருவரும் கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தனர்.

அன்பர்களே, பழைய ஏற்பாட்டு மக்களுக்கு விதிக்கப்பட்ட விழாக்களுள் கூடாரப் பெருவிழாவும் ஒன்று. யூதக் குடும்பங்கள் இன்றும் ஏழு நாட்கள் குடில் அமைத்து அதனுள் உணவருந்துகின்றன. எகிப்தினின்று வெளியேறிய முன்னோர் கூடாரங்களில் வாழ்ந்ததைப் பின்வரும் தலைமுறைகள் அறிந்திருக்க வேண்டும் என்பதே லேவியர் நூல் கூறும் காரணம். நல்ல வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அதனைச் சொல்லில் மட்டும் விளக்குவது கடினம். ஓரிரவு துணிக்கூரையின் கீழ்ப் படுத்த பிள்ளைக்கு அது எளிதில் விளங்கும்.

மடுத் திருப்பதியின் வரலாறும் இத்தகையதே. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து திருச்சொரூபத்தோடு காட்டுக்குள் ஓடிவந்த சில குடும்பங்களே அதற்கு வித்திட்டன. ஏதிலிகளின் குடில்களாகத் தொடங்கிய இடம் திருவிழாக் கூடாரங்களின் இடமாயிற்று. நம் காலத்தில் மீண்டும் ஏதிலிகளின் இடமாயிற்று. 1999 நவம்பர் 20 ஆம் நாள் அங்குத் தஞ்சமடைந்திருந்த மக்கள் எறிகணை வீச்சில் மாண்டதையும் நாம் மறத்தலாகாது. 2009 இல் போர் முடிந்தபின் குடும்பங்கள் மீண்டும் ஆவணியில் அங்குக் கூடுகின்றன.

புலம்பெயர்ந்த பெற்றோர் பலர், பிள்ளைகளின் மகிழ்ச்சி கெட்டுவிடுமென அஞ்சிப் பழைய துயரங்களை மறைத்து வைக்கின்றனர். அச்சிறுமியின் மகிழ்ச்சி கெடவில்லை என்பதற்கு நாம் சாட்சி. எஞ்சிய இரு நாட்களும் அவள் நீந்தினாள், படகு வலித்தாள், அம்மம்மாவிடம் முளை அறையக் கற்றுக்கொண்டாள். வரும் ஆவணியில் மடுவில் கூடாரம் அடிக்கும் பெற்றோர், முளையை அறையும்போதே அதன் கதையையும் தம் பிள்ளைகளுக்குச் சொல்வார்களாக. கூடவே முதியவர் ஒருவர் இருந்தால், கயிறு கட்டும் பொறுப்பை அவரிடமே ஒப்படைப்பார்களாக.