தோசைக்கல்லும் நாமும்

இரும்பினால் செய்த ஒரு சாமானுக்குக் 'கல்' என்று பெயர் வைத்திருக்கும் பாஷை நம்முடையது. போதாக்குறைக்கு, உருக்கிய இரும்பை அச்சில் விடுவதையும் வார்ப்பது என்கிறோம். அரைத்த மாவைக் கல்லில் விடுவதையும் வார்ப்பது என்கிறோம். இவ்விரண்டு வார்ப்புகளுக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய வேண்டுமென்று நமக்கு வெகு நாளாக ஆசை. அந்த ஆராய்ச்சி கடைசியில் நம் வீட்டுச் சமையலறையிலேயே நடந்தேறியது. அதன் பலனாக இரண்டு வாரம் வீட்டில் தோசை கிடையாது.

இல்லாள் தன் தங்கை வீட்டுக் கல்யாணத்திற்காக வெளியூர் போயிருந்தாள். மகள் விடுமுறையில் கேக் செய்யப் பழகிக் கொண்டிருந்தாள். மின்சார அடுப்பு, இரண்டு அலுமினியக் கேக் தட்டுகள், பூரிக்கட்டை ஆகிய சகல ஆயுதங்களும் சமையலறையில் பரவிக் கிடந்தன. "சாப்பிடுவதற்கு மட்டும் முதலில் வருகிறீர்களே, அப்பா! கழுவுவதற்கும் வாருங்களேன்" என்றாள். நியாயமான பேச்சு. வீட்டு வேலையில் பங்கெடுத்துக் கொள்வதில் நமக்கு என்றைக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை. சந்தர்ப்பந்தான் வாய்க்காமல் இருந்தது.

முதல் நாள் கேக் தட்டுகளின் அடியில் மாவு கரிந்து ஒட்டியிருந்தது. சலவைச் சோடாவுக்குப் போகாத அழுக்கு உலகில் இல்லை என்ற நம்பிக்கையில், வெந்நீரில் ஒரு பிடி சோடாவைப் போட்டுத் தட்டுகளை அதில் ஊற வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். காலையில் பார்த்தால் கரி போய்விட்டது. ஆனால் தட்டு முழுவதும் கறுத்திருந்தது. அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடு ஒன்று எப்போதும் இருக்கிறது. உலோகத்தைக் காப்பது அதுதான். சோடா அந்த ஏட்டைக் கரைத்துவிட்டு உலோகத்தையும் அரிக்கிறது. எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுக் கொதிக்க வைத்த நீரில் மகள் தட்டுகளுக்கு மறுபடி உயிர் கொடுத்தாள். சாதாரண சோப்பும் தேங்காய் நாரும் போதும், கழுவியபின் சூடு ஆறாத அடுப்புக்குள் வைத்தால் ஈரம் நன்றாக உலர்ந்துவிடும், பூரிக்கட்டையை மட்டும் ஊறவே விடக்கூடாது, மரம் வெடித்துவிடும் என்று நமக்கு ஒரு பிரசங்கமும் செய்தாள்.

இந்த அலுமினியத்தை லேசாக நினைத்துவிடக் கூடாது. 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்பவர் நம் ஊர்க் கன்னார்களைக் கொண்டு அலுமினியப் பாத்திரம் அடிக்கத் தொடங்கினார். இந்நாட்டில் அலுமினியப் பாத்திரத் தொழில் வேரூன்றியதற்குச் சென்னையே காரணம் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமையுண்டு. அப்படிப்பட்ட பாத்திரத்தைக் கறுக்க அடித்த அவமானம் நம் மனத்தை உறுத்திற்று. அதை எங்கேயாவது துடைத்துக் கொள்ள வேண்டுமென்று சுற்றுமுற்றும் பார்த்தோம். ஆணியில் தோசைக்கல் தொங்கிற்று.

தார் பூசியது போல் அதன்மேல் கறுப்பு ஏறியிருந்தது. இத்தனை வருஷம் இதைத் தேய்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று இரங்கினோம். செங்கற்பொடி, புளி, நார் மூன்றையும் சேகரித்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் கை சிவந்தது, கல் வெளுத்தது. வெற்றி வீரனைப் போல் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தாயாரின் மடியில் வைத்தோம்.

தாயாருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. விரல்களால் கல்லின் நடுவையும் ஓரத்தையும் தடவிப் பார்த்தாள்.

"ஏனடா, இது யார் வீட்டுக் கல்?" என்று கேட்டாள்.

நம்முடையதுதான் என்று சொன்னோம். தாயார் பதில் பேசவில்லை. கல்லை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பில் விரல்களைத் துடைத்துக் கொண்டாள். அவள் தனிக்குடித்தனம் வந்தபோது வாங்கிய கல் அது. நாம் பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அதில் வார்த்த தோசையைத் தின்றுவிட்டுத்தான் போனோம். பார்வை குறைந்து அடுப்பண்டை போவதை விட்ட பிறகும், கல்லில் மாவு விழும் சத்தத்தைக் கொண்டே "கல் காய்ந்தது போதாது" என்று கூடத்திலிருந்து மருமகளுக்குச் சொல்லுவாள்.

நாம் தேய்த்து எடுத்தது அழுக்கு அல்லவென்று பிறகுதான் விளங்கிற்று. இரும்பின் மேல் மெல்லத் தடவிய எண்ணெய் நல்ல சூட்டில் காற்றோடு கலந்து இறுகி, அரக்குப் போன்ற தோலாகி விடுகிறது. அப்புறம் அது எண்ணெயும் அல்ல, கரியும் அல்ல. துரு அணுகாமல் காப்பதும் தோசை ஒட்டாமல் காப்பதும் அந்தத் தோல்தான். அது ஒரு நாளில் உண்டாவதில்லை. ஒவ்வொரு தோசைக்கும் ஒரு துளியாக ஏறுவது. நாற்பது வருஷம் தாயார் கையால் ஏறியதை நாம் புளியைப் போட்டு அரை மணியில் இறக்கிவிட்டோம்.

மறுநாள் காலை கல் முழுவதும் செந்துரு பூத்திருந்தது. அதைத் துடைத்து வார்த்த தோசையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஊரிலிருந்து திரும்பிய இல்லாள் கல்லைப் பார்த்தாள், நம்மைப் பார்த்தாள். "என்னங்க, நான் திரும்பி வரும்வரை சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அண்டை வீட்டு நண்பர் ஒட்டாத பூச்சுப் பூசிய புதுக் கல் ஒன்றை வாங்கிவிடச் சொன்னார். அந்தப் பூச்சு 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்னும் ரசாயன நிபுணர் வேறு எதையோ தேடும்போது தற்செயலாக அகப்பட்டது. 1954-இல் பிரான்சு தேசத்து மார்க் கிரெகுவார் அதை வாணலியில் ஏற்றினார். சௌகரியமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் மரக்கரண்டியைத் தவிர வேறெதையும் அது பொறுக்காது. வெறுமே அதிகம் காய்ந்தாலும் கெடும். ஒரு தரம் உரிந்தால் வீட்டில் அதைத் திரும்ப உண்டாக்க வழியில்லை. இரும்புக்கு அந்தக் கதி இல்லை என்று தாயாரே சொன்னாள். அவள் வாய் திறந்ததே நமக்குப் பெரிய காரியமாயிற்று.

அவள் சொல்லச் சொல்ல நாம் செய்தோம். அரிசி கழுவிய நீரிலும் வடித்த கஞ்சியிலும் இரண்டு நாள் கல்லை ஊற வைத்தோம். நீரைத் தினம் மாற்றினோம். பிறகு துடைத்து, அடுப்பில் ஈரம் போகக் காய வைத்து, நல்லெண்ணெயைத் துணியால் ஒற்றித் தடவினோம். எண்ணெய் மிஞ்சினால் இறுகாமல் பிசுக்காக நிற்குமாம். புகையும் வரை காய வைத்து ஆறவிட்டு மறுபடி தடவினோம். இப்படிப் பல தரம். பாதியாய் அரிந்த வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தினம் தேய்த்தோம். அந்தக் கல்லில் சப்பாத்தி போடக் கூடாது, காய்ந்த கல்லில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் விரிசல் விடும் என்பவை தனி உத்தரவுகள். கன்றுக்குட்டியைப் பழக்குவது போல் கல்லையும் 'பழக்குவது' என்றே நம் பெண்கள் சொல்கிறார்கள். இந்த இரண்டு வாரத்தில் பழகியது கல் மட்டுந்தானா என்று நமக்குச் சந்தேகம்.

பதினைந்தாம் நாள் முதல் தோசை பிய்ந்தது; காக்கைக்குப் போயிற்று. இரண்டாவது பாதி வந்தது. மூன்றாவது நடுவில் ஒரு பொத்தலோடு முழுசாக எழும்பிற்று. அதைத் தாயாருக்குக் கொண்டு போனோம். பொத்தலை விரலால் தடவிக் கண்டுபிடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஓரத்தை விண்டு வாயில் போட்டுக் கொண்டாள்.

"ஓரம் முறுகியிருக்கிறது. இன்னொன்று வார்" என்றாள்.