கார்த்திகை மழையும் நைரோபி மாநாடும்

பெரிய சர்வதேச மாநாடுகளுக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு குறிப்பேடு தயாரிப்பார்கள். அமைச்சர்கள் பேசிய பேச்சும், கடைசி நாளில் வெளியாகும் பிரகடனமும் செய்தித்தாளில் வரும். இந்தக் குறிப்பேட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. விசா எப்படி வாங்குவது, விமான நிலையத்தில் இறங்கியதும் எந்த மேசைக்குப் போவது, அடையாள அட்டையை எங்கே பெற்றுக்கொள்வது, எந்த ஓட்டலிலிருந்து எத்தனை மணிக்கு வண்டி, சுவரில் இருக்கும் பிளக் எந்த மாதிரி, குளிருக்கு என்ன எடுத்து வருவது என்பதெல்லாம்தான் அதில் இருக்கும்.

தஞ்சாவூரில் பயணச்சீட்டுக் கடை வைத்திருப்பவன் நான். பாஸ்போர்ட் விண்ணப்பம், விசா, டிக்கெட் மூன்றும்தான் பிழைப்பு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் திருச்சியில் ஏறி சிங்கப்பூர், மலேசியா, துபாய் போகிறவர்கள். அதனால் இந்த மாதிரி குறிப்புகள்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. ஒரு மனிதன் ஓர் இடத்துக்குப் போய்ச் சேருவானா மாட்டானா என்பது பெரும்பாலும் இந்தச் சில்லறை விஷயங்களில்தான் முடிவாகிறது.

2015 நவம்பரில் அப்படி ஒரு குறிப்பேடு என் கடைக்கே வந்தது. கொண்டுவந்தவர் என் சித்தப்பா. அம்மாப்பேட்டைப் பக்கம் ஆறு ஏக்கர் நஞ்சை. விவசாயச் சங்கத்தில் நீண்ட நாளாக இருக்கிறவர். வெளிமாநில அமைப்பு ஒன்று, டெல்டாவிலிருந்து ஒரு நெல் விவசாயி வேண்டும் என்று கேட்டு அவர் பெயரைச் சேர்த்திருந்தது. பாஸ்போர்ட், மகளைப் பார்க்க சிங்கப்பூர் போனபோது நான் எடுத்துக்கொடுத்தது; கையில் இருந்தது.

"தம்பி, நைரோபின்னா எங்கப்பா இருக்கு?"

"கென்யா, சித்தப்பா. ஆப்பிரிக்கா."

"நம்ம நெல்லைப் பத்தி அங்க ஏன்ப்பா பேசறாங்க?"

நல்ல கேள்வி. உலக வர்த்தக அமைப்பின் பத்தாவது அமைச்சர்கள் மாநாடு அந்த டிசம்பர் 15ஆம் தேதி நைரோபியில், கென்யாட்டா சர்வதேச மாநாட்டு மையத்தில் தொடங்க இருந்தது. இந்தியக் குழுவுக்குத் தலைமை அப்போதைய வர்த்தக அமைச்சர் நிர்மலா சீதாராமன். இந்தியா கேட்டுக்கொண்டிருந்தவற்றில் முக்கியமானது, ரேஷனுக்காக அரசு நெல்லும் கோதுமையும் கொள்முதல் செய்து இருப்பு வைப்பதற்கு நிரந்தரமான ஒரு விதி.

சித்தப்பாவுக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான். வளரும் நாடு ஒன்று, ஒரு பயிருக்குக் கொடுக்கும் விலை ஆதரவு, அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆதரவு எவ்வளவு என்று கணக்கிட, இன்றைய ஆதார விலையை 1986-88இல் இருந்த உலக விலையோடு ஒப்பிடுகிறார்கள். இடையில் ஏறிய டீசல், உரம், நடவுக் கூலி எதுவும் அந்தப் பழைய விலையில் கிடையாது. 2013 டிசம்பரில் பாலியில் நடந்த மாநாட்டில், நிரந்தரத் தீர்வு வரும்வரை இந்த வரம்பைத் தாண்டினாலும் வழக்குப் போடமாட்டோம் என்று ஓர் இடைக்கால ஏற்பாடு செய்தார்கள். அந்த நிரந்தரத் தீர்வுக்காகத்தான் நைரோபி.

"அதாவது, நீ போடற சிங்கப்பூர் டிக்கெட்ட எம்பத்தேழாம் வருசத்து விலைக்குக் கேக்கற மாதிரி."

"அதேதான், சித்தப்பா."

அந்தப் பருவத்தில் மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 1,450 ரூபாய், சாதா ரகம் 1,410 ரூபாய். அதன்மேல் மாநில அரசு கொஞ்சம் ஊக்கத்தொகை சேர்த்துத் தரும். டெல்டாவில் அறுப்பு முடிந்ததும் நெல் போவது கொள்முதல் நிலையத்துக்கு. ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நாற்பது கிலோ சிப்பமாகப் பிடிப்பார்கள். அந்தச் சாக்கு மூட்டைக்கும் நைரோபி மண்டபத்துக்கும் இவ்வளவு நேரான தொடர்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

பிறகு வேலையில் இறங்கினோம். திருச்சியிலிருந்து சென்னை, அங்கிருந்து மும்பை, மும்பையிலிருந்து கென்யா ஏர்வேஸில் நைரோபி. நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிற ஊர். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்றாலும் கொடைக்கானலைவிடக் கொஞ்சம் தாழ்வான உயரம், ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும். பிளக் சதுர முள் மூன்று உள்ளது. சிங்கப்பூரில் வாங்கிய சார்ஜர் அப்படியே பொருந்தும். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, தலைமுறை தலைமுறையாக குஜராத்திகள் இருக்கிற ஊர். கென்யாவிலும் நெல் விளைகிறது, முவேயா என்ற பாசனப் பகுதியில், அங்கே விளையும் வாசனை அரிசிக்குப் பிஷோரி என்று பெயர் என்றதும் சித்தப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு நாள் எடுத்து அதப் பாத்துட்டு வந்துடணும்ப்பா" என்றார்.

அடையாள அட்டை விஷயத்துக்கு வந்தபோது அந்த மலர்ச்சி குறைந்தது. அமைச்சர் குழுவில் வருகிறவர்களுக்கு ஒரு வகை அட்டை. விவசாயச் சங்கம், தொண்டு நிறுவனம், தொழில் கூட்டமைப்பு எல்லாம் 'அரசு சாரா அமைப்பு' என்ற ஒரே தலைப்பில் வரும். முன்கூட்டியே விண்ணப்பித்து, உலக வர்த்தக அமைப்பின் செயலகம் ஏற்றுக்கொண்டால் அட்டை கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு அமைச்சர்கள் வரிசையாக உரை வாசிக்கும் பொது அமர்வைப் பார்க்கலாம். பேரம் நடக்கும் அறைக்குள் போக முடியாது. செலவு அவரவர் பொறுப்பு.

சித்தப்பா இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டை மழையில் நனைவது, சிட்டா அடங்கலுக்கு அலைவது, வியாபாரி கேட்கும் விலைக்கும் ஆதார விலைக்கும் இருக்கும் இடைவெளி என்று நம்பர் போட்டு எழுதியது.

"இத அங்க வாசிக்கலாமா?"

"பெரிய ஹால்ல முடியாது, சித்தப்பா. வெளிய சங்கங்கள் நடத்தற கூட்டத்துல வாசிக்கலாம். அதுவும் இங்கிலீஷ்ல மாத்தணும்."

"தமிழ்ல பேசினா?"

"அங்க மூணு பாஷைதான். இங்கிலீஷ், பிரெஞ்சு, ஸ்பானிஷ்."

அவர் கோபப்படவில்லை. "சரி, பாக்கவாவது பாக்கலாம். நம்ம விஷயத்தப் பேசறப்ப நாம அந்தக் கட்டடத்துக்குள்ள இருந்தோம்னு இருக்கட்டும்" என்றார்.

மீதி இருந்தது ஊசி. கென்யா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு. அந்த நோய் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் கொசு இங்கே தாராளமாக இருக்கிறது. ஒருவர் கொண்டுவந்துவிட்டால் போதும். ஆகவே அந்த நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் சான்றிதழ் செல்லும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள். எங்களுக்கு வசதியாக இருந்தது சென்னை, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். டிசம்பர் முதல் வாரம் போவதாகத் திட்டம். உழவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டேன். ரயில் பெயரைப் பார்த்துச் சித்தப்பா சிரித்தார்.

அந்த முதல் வாரம் என்ன ஆயிற்று என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் 1ஆம் தேதி கொட்டிய மழை; அன்றிரவு செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீர்; அடையாறு சைதாப்பேட்டைப் பாலத்துக்கு மேல் ஓடியது. விமான நிலையத்தின் ஓடுபாதையில் வெள்ளம். 6ஆம் தேதி வரை மூடியிருக்கும் என்று அறிவித்தார்கள். ரயில்கள் வரிசையாக ரத்து. நானும் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

இருந்தாலும் வழி இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 13ஆம் தேதி புறப்பட்டு 20ஆம் தேதி திரும்புகிறார். தண்ணீர் வடிந்ததும் 8ஆம் தேதி போய் ஊசி போட்டால்கூட, இந்திய மண்ணில் வந்து இறங்கும்போது பத்து நாள் தாண்டியிருக்கும். பஸ்ஸில் போய்விடலாம், கூட ஆள் அனுப்புகிறேன் என்று போன் செய்தேன்.

போனில் மழைச் சத்தம் கேட்டது. வயலில் நின்றுகொண்டிருந்தார்.

"இல்லப்பா. நாலு நாளா வயல்ல தண்ணி நிக்குது. வடிகாலுக்கு வழி இல்ல, கீழ வாய்க்கா பூரா வெங்காயத்தாமரை. ஆளு வச்சு வெட்டி விட்டுக்கிட்டு இருக்கோம். நான் இல்லன்னா பக்கத்து வயல்காரன் வரப்ப வெட்ட விடமாட்டான். பயிரு பொதி கட்டற நேரம். இத விட்டுட்டு ஆப்பிரிக்கா போயி, நெல்ல காப்பாத்துங்கன்னு சொன்னா, நெல்லே சிரிக்கும்."

அவர் போகவில்லை. அவருக்குப் பதிலாக வேறு நகரத்திலிருந்து, ஏற்கெனவே ஊசிச் சான்றிதழ் வைத்திருந்த ஒருவர் போனார். ஆங்கிலத்தில் நன்றாகப் பேசக்கூடியவர் என்று கேள்விப்பட்டேன். சித்தப்பாவின் இரண்டு பக்கத்தையும் நான் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தேன். பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி பதில் வந்தது.

மாநாடு ஒரு நாள் கூடுதலாக நீண்டு 19ஆம் தேதி முடிந்தது. கடைசிக் கட்டப் பேரத்தில் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், சீனா, பிரேசில், இந்தியா ஆகிய ஐந்து தரப்புகள்தான் ஓர் அறையில் உட்கார்ந்தன. உறுப்பினர்கள் நூற்றறுபதுக்கு மேல். ஓரிரண்டு அதிகாரிகளோடு வந்த சின்ன நாடுகள் வெளியே காத்திருந்தன. வேளாண் ஏற்றுமதி மானியங்களை ஒழிப்பது என்று முடிவாயிற்று. பொது இருப்பு விஷயத்தில், நிரந்தரத் தீர்வு காண ஆக்கபூர்வமாக முயல்வோம் என்ற வாசகம்தான் கிடைத்தது. அது வெறும் காகித விவகாரம் இல்லை. 2018-19 பருவத்தில் நெல்லுக்குக் கொடுத்த ஆதரவு பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று 2020இல் இந்தியாவே அறிவித்து, பாலி ஏற்பாட்டின் பாதுகாப்பைக் கோர வேண்டிவந்தது. அப்படிக் கோரிய முதல் நாடு இந்தியாதான்.

அதற்குப் பிறகு, தொழில் பழக்கத்தில், இந்த மாநாடுகளின் தேதிகளை எடுத்துப் பார்த்தேன். சிங்கப்பூர் 1996, டிசம்பர். ஹாங்காங் 2005, டிசம்பர். ஜெனீவா 2011, டிசம்பர். பாலி 2013, நைரோபி 2015, பியூனஸ் ஐர்ஸ் 2017, மூன்றும் டிசம்பர். அமைச்சர்களுக்கும் ஜெனீவா அதிகாரிகளுக்கும் அது ஆண்டுக் கணக்கை முடிக்கும் மாதம். நமக்குக் கார்த்திகை, மார்கழி. வடகிழக்குப் பருவமழையில் சம்பாப் பயிர் தண்ணீருக்குள் நிற்கும் மாதம். புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னால் ராத்திரி எழுந்து வாய்க்காலைப் பார்த்துவிட்டு வர வேண்டிய மாதம்.

கொரோனாவுக்குப் பிறகு மாதத்தை மாற்றினார்கள். 2022 மாநாடு ஜெனீவாவில் ஜூன் 12ஆம் தேதி தொடங்கியது. மேட்டூர் அணை திறக்கும் நாளாக டெல்டாவில் குழந்தைக்கும் தெரிந்த தேதி அது. அந்த வருடம் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டதால், ஜூன் 12இல் குறுவை வேலை மும்முரமாக இருந்தது. அடுத்தது அபுதாபி, 2024 பிப்ரவரி 26. சம்பா, தாளடி அறுப்பு. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு முறைக்காகக் காத்திருக்கும் காலம். அங்கேயும் பொது இருப்பில் முடிவு எட்டப்படவில்லை.

யாரும் திட்டம் போட்டு விவசாயியை விலக்கினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. உலகத்தில் எந்த நாளை எடுத்தாலும் எங்கோ ஓர் இடத்தில் நடவு, எங்கோ அறுவடை. ஆனால் இந்தக் குறிப்பேடுகள் எல்லாமே, வேலையை ஒரு வாரம் இன்னொருவரிடம் விட்டுவிட்டு வரக்கூடிய மனிதரை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. பயிரை ஒப்படைத்துவிட்டு வர முடியாதவர்களும் உண்டு என்ற நினைப்பு அவற்றில் இல்லை. தென்கொரிய விவசாயி லீ கியுங்-ஹே 2003 செப்டம்பர் 10ஆம் தேதி மெக்சிகோவின் கான்கூன் மாநாட்டுத் தடுப்பு வேலிமேல் ஏறித் தன்னையே குத்திக்கொண்டு இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து ஹாங்காங்கில் கொரிய விவசாயிகள் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு கடலில் குதித்து மாநாட்டு மண்டபத்தை நோக்கி நீந்தினார்கள். எப்படியோ அந்த ஊர்வரை வந்து சேர்ந்தவர்களின் கதை அது. வேலியையாவது அவர்கள் தொட்டார்கள்.

வராதவர்களுக்குக் கதை இல்லை. மாநாடு முடிந்தால் கலந்துகொண்டவர்களின் பட்டியல் இருக்கும். யாருக்கு விசா கிடைக்கவில்லை, யாருக்கு ஊசி போட முடியவில்லை, யாருடைய வயலில் தண்ணீர் நின்றது என்று ஒரு பட்டியல் இருக்காது. ஒரு டிக்கெட்டை ரத்து செய்தால் என் கம்ப்யூட்டரில் காரணம் கேட்டு ஒரு கட்டம் வரும். 'சொந்தக் காரணம்' என்பதைத் தட்டிவிட்டுப் பணத்தைத் திருப்புவோம். சித்தப்பாவுக்கும் அதைத்தான் தட்டினேன். அதைவிடப் பொருத்தமானது எதுவும் அந்தக் கட்டத்தில் இல்லை.

அந்தத் தையில் அவர் நெல் தேறிவிட்டது. கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, போன செலவுக்கென்று ஒரு தொகையோடு கடைக்கு வந்தார். டிக்கெட் ரத்தில் பிடித்த பணம் அது. வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுத்தான் போனார்.

"அடுத்த மாநாடு எப்பப்பா?" என்று கேட்டார்.

"ரெண்டு வருசம் கழிச்சு, சித்தப்பா."

"எந்த மாசம்?"