பிப்ரவரி சாயங்காலம்

உங்க ஸ்கூல்ல கவுன்சிலர் மிஸ் இருந்தாங்களா? எங்க மிஸ்ஸுக்கு இப்போ 46 வயசு. கல்யாணத்துக்கு முன்னாடி மேடை நாடகங்களில் நடித்தவர். இருபது வருஷம் கழித்து, பழைய குழுவிலிருந்து போன். முக்கிய வேஷம்; பிப்ரவரி முழுக்க சாயங்காலம் ரிகர்சல்.

"பண்ணுங்க மிஸ். கூத்துப்பட்டறையில அக்கவுன்ட்ஸ் பார்த்த விஜய் சேதுபதி நடிகர் ஆகலையா?"ன்னு அளந்து விட்டேன்.

"அவருக்கு அப்போ என் வயசாடா?" என்று சிரித்தார். அப்புறம், "மார்ச்ல பப்ளிக் எக்ஸாம். பிப்ரவரி சாயங்காலம்தான் பசங்க அழுதுட்டு வருவாங்க" என்றார்.

தெரியும். பிளஸ் டூ ரிவிஷனில் மேத்ஸ் ஃபெயில் ஆகி, வீட்டுக்குப் போகப் பயந்து, ஆறரை மணி வரை அவர் ரூமில் உட்கார்ந்திருந்தவன் நான். அட்வைஸ் எதுவும் பண்ணலை. டீ வாங்கிக் கொடுத்துட்டு, அப்பாவுக்கு போன் போட்டார்.

"நீ என்னடா சொல்ற?"ன்னு கேட்டார். எனக்குப் பேச்சு வரலை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லணுமாம். இன்னிக்கு வெள்ளி.