எடுத்த இரும்பு திரும்ப வராது

கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறை, மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை, சின்ன ஃபவுண்டரி எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்கும் தெருக்கள் உண்டு. அப்படி ஒரு தெருவில் இருக்கிறது அந்த இன்ஜின் பட்டறை. லாரி, டிராக்டர் ஹெட்டுகள்தான் அன்றாடப் பிழைப்பு. எப்போதாவது பழைய கார் வைத்திருப்பவர்கள் விசாரித்துக்கொண்டு வருவார்கள். நான் போன அன்று மோரிஸ் மைனர் 1000 ஒன்றின் சிலிண்டர் ஹெட் மேசைமேல் மல்லாந்து கிடந்தது.

1956-இல் இந்தக் காருக்கு வந்த 948 சி.சி. இன்ஜின் அது. 'ஏ சீரிஸ்' என்ற இந்த இன்ஜின் குடும்பம் 2000 வரை மினி கார்களில் ஓடியது. பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் புகை மட்டும் நடுவில் உள்ள ஒரே துவாரம் வழியாக வெளியேறும். அதனால் ஹெட்டில் அதிகம் சூடேறும் இடமும் அந்த நடுப்பகுதிதான்.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அங்கே எல்லோருக்கும் அவர் 'அண்ணா'. கழுவிக் கரி சுரண்டிய ஹெட்டின்மேல் இரும்பு நேர்கோலைக் குறுக்காக வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். ஓரங்களில் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. நடுவில் 0.10 மி.மீ. தகடு வழுக்கிக்கொண்டு போனது. "கேஸ்கட் ஏன் அடிக்கடி போச்சுன்னு இப்பத் தெரியுதுங்களா?" என்றார்.

பிறகு விரிசல் சோதனை. வால்வு உட்காரும் இடங்களில் சிவப்புத் திரவத்தைப் பூசி ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளை மருந்தைத் தெளித்தார்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் வெள்ளையில் சிவப்புக் கோடு கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். இதில் கோடு எதுவும் தெரியவில்லை. தண்ணீர் ஓடும் அறைவரை விரிசல் போயிருந்தால் வேறு ஹெட் தேடுவதுதான் பெரும்பாலும் வழி. வார்ப்பிரும்பை அவசரமாக வெல்டிங் செய்தால், ஆறும்போது பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். மாற்று ஹெட்டையும் கிடைத்தது போதும் என்று தூக்கி வைத்துவிட முடியாது. இதே குடும்பத்தின் ஹெட்டுகளுக்குள் எரி அறையின் கொள்ளளவு வேறுபடும். அது மாறினால் கம்ப்ரஷன் மாறிவிடும்.

இந்த ஹெட்டின் நோய் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் இருந்தது. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். எரியும்போது அதன் உப்புகள் சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, சூடான வால்வும் இரும்பும் நேரடியாக ஒட்டாமல் காத்தன. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல்தான். நம் குழந்தைகளின் மூச்சுக்கு அது பெரிய நன்மை; அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஹெட்டின் இரும்பிலேயே சீட் கடையப்பட்ட பழைய இன்ஜின்கள் அந்தக் காப்பை இழந்தன. வால்வு ஒவ்வொரு முறை மூடும்போதும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒட்டி, திறக்கும்போது இரும்புத் துகளைப் பிய்த்துக்கொண்டு போகிறது. சீட் உள்ளே இறங்கிக்கொண்டே போகும்.

"டேப்பட் சத்தம் கொறஞ்சுதுன்னா ஓனருங்க சந்தோசப்படுவாங்க. நான் பயப்படுவேன்" என்றார் அண்ணா. சீட் இறங்க இறங்க வால்வின் தண்டு மேலே ஏறும். ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே விட்ட இடைவெளி அடைபட்டு, டக் டக் சத்தம் அடங்கும். ஒருநாள் வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். சீட்டில் அமரும்போதுதான் வால்வு தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துகிறது. அது அற்றுப்போனதும் விளிம்பு கருகிவிடும்.

தேய்ந்த சீட்டைக் கடைந்தெடுத்து, கடினமான உலோக வளையம் பதிப்பதுதான் வைத்தியம். குழியைவிட வளையம் ஒரு தலைமுடிக் கனம் பெரிதாக இருக்க வேண்டும். வளையத்தைக் குளிரவைத்து, ஹெட்டைச் சூடாக்கி, ஒரே மூச்சில் இறக்க வேண்டும். குழி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் தண்ணீர் அறை உடைந்துவிடும். கடையும்போது அண்ணா யாரோடும் பேசவில்லை.

கடைசியில் கை வேலை. சீட்டை 45 டிகிரியில் வெட்டிய பின், வால்வில் கார்போரண்டம் பேஸ்ட் தடவி, ரப்பர் கப் பொருத்திய குச்சியை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே உருட்டினான் ஒரு பையன். முதலில் கரகரவென்று மணல் அரைபடும் சத்தம். போகப்போக அது மழுங்கி, ஈரத்துணியில் தேய்ப்பதுபோல் மிருதுவானது. "ஏனுங்ணா, போதுங்களா?" என்று கேட்டான். அண்ணா திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னும் ரெண்டு சுத்து தம்பி" என்றார். துடைத்தபோது, அறுபடாத சாம்பல்நிற வளையம் வால்வின் முகத்தில் சீராகப் பதிந்திருந்தது. பின்பு எரி அறைகளில் டீசல் ஊற்றி வைத்தார்கள். ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை.

வளைந்த முகத்தைச் சமன் செய்யும் ஃபேசிங்கில்தான் அவருடைய கொள்கை முழுதாகத் தெரிந்தது. ஒரே வெட்டில் தாராளமாக எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். முகம் கண்ணாடியாக மின்னும். அவர் துளித்துளியாக எடுத்து, ஒவ்வொரு முறையும் அளந்தார். எடுக்க எடுக்க எரி அறை சுருங்கும், கம்ப்ரஷன் ஏறும், இன்ஜின் நாக்கிங் அடிக்கும். "இது எத்தனை வாட்டி மெஷின் பாத்துதோ? நமக்கப்பறமும் ஒருத்தன் இதைப் பிரிப்பானுங்களே, அவனுக்கு இரும்பு வேணுமில்ல" என்றார். வேலை முடிந்ததும், எடுத்த அளவை ஹெட்டின் பக்கவாட்டில் எண் பஞ்ச் கொண்டு அடித்தார்.

நான் பார்த்த தொழில் அறத்தில் மிக உயர்ந்தது இது என்று நினைக்கிறேன். இனி யாரென்றே தெரியாத ஒரு மெக்கானிக்கை மனத்தில் வைத்து, இன்றைய வேலையில் கையைக் கட்டுப்படுத்திக்கொள்வது. இந்த நிதானத்துக்கு நாம் தரும் விலைதான் வருத்தமளிக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பார்ட்ஸுக்குக் கேட்ட தொகையைக் கொடுப்பவர்கள், கூலிக்கு வந்ததும் பேரம் பேசுகிறார்கள் என்றார் அண்ணா. பையனுக்கும் பெரிய கம்பெனியில் சேரத்தான் ஆசை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஹெட் வேலைக்குக் கொடுக்கும்போது "எப்போ கிடைக்கும்?" என்பதோடு "எவ்வளவு எடுத்தீங்க?" என்றும் கேளுங்கள். அந்த அளவை எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். குறைவாக எடுப்பதற்குத்தான் அதிக நேரமும் அதிகத் திறமையும் தேவை. கூலியும் அதற்கேற்ப இருக்கட்டும்.