கத்தரியா, சக்கரமா?

அக்கா வீட்டில் பீரோ சாவியைக்கூடக் கேட்டுவிடலாம். துணி வெட்டும் கத்தரியைக் கேட்கக் கூடாது. "பேப்பர் வெட்டத்தானே?" என்று முறைப்பாள். காகிதம் பட்டால் கூர் போய்விடுமாம். பன்னிரண்டு வருஷமாக அவள் குடும்பம் ஓடுவது அந்தப் பத்து அங்குல மீரட் கத்தரியில்தான். (2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஜாதியாக்கும் அது!)

இப்போது அவளுக்குக் கட்டைவிரல் அடிமூட்டில் தீராத வலி. "கத்தரி பிடிக்கிறதைக் குறைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார் டாக்டர். வாடகையைக் குறைத்துக்கொள்ளும்படி வீட்டுக்காரரிடம் யார் சொல்வது?

ரோட்டரி கட்டர் வாங்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டாள். தம்பி பி.காம். ஆயிற்றே!

பீட்ஸா வெட்டும் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே சாயல்தான். கைப்பிடி நுனியில் 45 மி.மீ. வட்ட பிளேடு. ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி 1979-ல் கொண்டுவந்த சமாசாரம்.

என் கணக்குப்படி கத்தரி நிலையான சொத்து. சாணை பிடித்தால் மறுபடி உழைக்கும். சக்கரமோ தொடர்செலவு. பிளேடு மாற்ற வேண்டும். அடியில் விரிக்கத் தனி மேட். அழுத்திப் பிடிக்கத் தடித்த ஸ்கேல். மேட் இல்லாமல் ஓட்டினால் மேஜையும் போச்சு, பிளேடும் போச்சு. குண்டூசி மேல் ஏறினாலோ பிளேடில் ஒரு பல் விழும். அப்புறம் சுற்றுக்கு ஒரு தடவை, அதாவது சுமார் 14 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை, ஒரு நூல் வெட்டுப்படாமல் நின்று பல்லிளிக்கும். வெட்டி முடித்த கையோடு பூட்டைப் போடாவிட்டால் அடுத்து வெட்டுப்படுவது துணியாக இருக்காது.

இத்தனையும் சொல்லி முடித்தேன். அக்கா தெரிந்தவர் ஒருவரிடம் கடன் வாங்கி வந்த கட்டரை ஜார்ஜெட்டின் மேல் ஓட்டினாள். சர்ர்ர்... அவ்வளவுதான். கத்தரியின் கீழ் அலகு அடியில் நுழையும்போது துணியைக் கொஞ்சம் தூக்கும். வழுக்குகிற துணி அதற்குள் நழுவிவிடும். சக்கரம் தூக்குவதே இல்லை. கட்டைவிரல் திறந்து மூட வேண்டிய வேலையும் இல்லை. லைனிங், பாவாடை, கிராஸ் பீஸ் எல்லாம் நேர்க்கோட்டில் பறந்தன. என் தொடர்செலவுக் கணக்கை மடித்து வைத்துக்கொண்டேன்.

"அப்போ கத்தரியை ரிடையர் பண்ணிடலாமாக்கா?"

பதில் சொல்லாமல் ஒரு கல்யாணப் பட்டு ரவிக்கைத் துண்டை விரித்தாள். புடவையோடு நெய்து வந்தது. தப்பினால் அதே மாதிரி வாங்கக் கடையே கிடையாது. ஆம்ஹோல் வளைவுக்கு வந்ததும் கை தானாகப் பழைய கத்தரிக்குப் போனது.

"சக்கரம் போனா போனதுதான்டா. இதுன்னா பாதியில நிறுத்தி யோசிக்கலாம்."

எப்போதாவது ஒரு ரவிக்கை தைக்கிறவர்களுக்கு நல்ல கத்தரியே போதும் என்பேன். அக்கா கதை வேறு. சொந்தமாக ஒரு கட்டர் வாங்கியாயிற்று. லைனிங் முழுக்க அதில்தான். பட்டு மட்டும் கத்தரியில், நாளைக்கு மூன்றே மூன்று. நாலாவது பட்டோடு வருகிறவருக்கு "நாளைக்கு வாங்க" என்ற பதில்தான்.

தை பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசை கட்டும். மூன்று மூன்றாகவே நிற்குமா, பார்க்க வேண்டும்.