காசிப்

துறையில் தேநீர் இடைவேளை. நாங்கள் மூன்று பெண்கள் ஜன்னலோரமாக நின்று பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே வந்த சக பேராசிரியர், “என்ன மேடம், காசிப்பா?” என்று சிரித்தார். நாங்களும் சிரித்துவைத்தோம். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது, நெறியாளரை மாற்றித் தரும்படி ஒரு முதலாண்டு ஆய்வு மாணவி எழுதியிருந்த கடிதத்தைப் பற்றி.

அன்றிரவு அகராதிகளைப் புரட்டினேன். ஒரு சொல்லின் மேல் கோபம் வந்தால் அது பிறந்த ஊரைத் தேடிப் போவது என் பழக்கம்.

பழைய ஆங்கிலத்தில் அது ‘காட்ஸிப்’. காட் என்றால் கடவுள், ஸிப் என்றால் உறவு. ‘சிப்லிங்’ என்ற சொல்லுக்குள் இருப்பதும் இதே ஸிப்தான். குழந்தையின் ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தாய், ஞானத்தந்தை இருவருக்கும் பொதுவான பெயர் அது. பிறகு நெருங்கிய தோழமையைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பேறுகால அறைக்கு அழைக்கப்பட்ட தோழிகளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் காசிப்கள். ஆண்களுக்கு அங்கே இடமில்லை. மருத்துவச்சிக்கு உதவியாக, மசாலாவும் மதுவும் சேர்த்த சூடான கஞ்சியைக் காய்ச்சிக்கொடுத்து, வலியெடுத்தவளைத் தாங்கிப்பிடித்து இரவெல்லாம் விழித்திருந்தவர்கள். அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டா இருந்திருப்பார்கள்? யாருக்குப் பிரசவம் சிக்கலானது, எவள் புருஷன் கைநீட்டுகிறான், எல்லாம் வந்திருக்கும். கதவுக்கு வெளியே நின்றவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் இச்சொல்லுக்கு ஞானப்பெற்றோர், குடித்தோழமை என்ற பொருள்களோடு மூன்றாவதாக ஒன்றையும் தருகிறார்: பேறுகால அறைப் பெண்களைப்போல் வம்பளந்து திரிபவர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளைக் குறித்த சொல் வெறும் வம்புப்பேச்சுக்கே பெயராயிற்று. இதற்கெல்லாம் முன்பே, வாயாடி என்று சொல்லப்பட்ட பெண்களின் தலையில் இரும்புக் கூண்டை மாட்டி, நாக்கை ஒரு தகட்டால் அழுத்தித் தெருவில் நடத்தும் தண்டனை ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்தது. குதிரைக்கு மாட்டுகிற கடிவாளத்தின் பெயரையே அதற்கும் வைத்திருந்தார்கள்.

நம்மிடம் ‘அலர்’ இருக்கிறது. மலர்தலுக்கும் அதே சொல். சங்கத் தலைவி அலருக்கு நடுங்குகிறாள். குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரத்திலோ, அலர் எழுந்ததால்தான் தன் உயிர் நிற்கிறது என்கிறான் தலைவன். (அவனுக்கென்ன, சொல்லுவான்.) ஊர்ப்பேச்சு பெண்களைக் கொன்றிருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் பிஎச்.டி. சேர்ந்த வாரத்தில் விடுதி அக்கா ஒருத்தி வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னாள்: “அந்த சார் ரூமுக்குச் சாயங்காலம் தனியா போகாத. போனா கதவைச் சாத்த விடாத.” அவளிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அவளுக்கு முந்தையவள் அவளிடம் சொல்லியிருந்தாள். நான்கு வருடம் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

2013ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளகப் புகார்க் குழுவைக் கொண்டுவந்தது. புகாரை எழுத்தில் தர வேண்டும், பொதுவாக 3 மாதத்துக்குள். சட்டம் தேவைதான். ஆனால் எழுதத் துணிவதற்கு முன்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம் வாய்திறந்து சொல்லியாக வேண்டும்.

மறுநாள் அந்த மாணவி வந்தாள். உட்காரவில்லை.

“என்னைப் பத்தி எல்லாரும் பேசுறாங்களா மேடம்?”

“பேசுறோம்மா” என்றேன். “உட்காரு. உனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க.”