நிரம்பி வழியும் மங்கு

பெட்டி வந்த அன்று மாலை நல்ல மழை. கூரியர் பையன் ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டுக் கேட்டின் முன் நின்று ஹாரன் அடித்தான். நனைந்துகொண்டே ஓடிப் போய் வாங்கி வந்தேன். சுற்றியிருந்ததையெல்லாம் பிரித்து மேசைமேல் வைத்ததும் என் எட்டு வயது மகள், "அப்பா, பால் கொட்டுது!" என்று கத்தினாள்.

கொட்டவில்லை. அது ஒரு சிற்பம். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுவார்களே, அந்த மங்கு. அசலைவிட இரண்டு மடங்கு பெரியது. ரெசினில் வார்த்து, கருஞ்சிவப்பில் மெருகு ஏற்றியிருந்தார்கள். உள்ளே நிறைந்த வெள்ளைப் பால் விளிம்பைத் தாண்டி வழிந்து, மேசையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அப்படியே உறைந்து நிற்கும். கோலாலம்பூரில் ஓர் இளம் கலைஞர் செய்தது. மொத்தம் 30 பிரதிகள். எனக்குக் கிடைத்தது 11ஆவது. விலை 420 ரிங்கிட்.

கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். மங்கைக் கையில் எடுத்தார். கவிழ்த்துப் பார்த்தார்.

"எவ்வளவுடா?"

"நாப்பது வெள்ளிம்மா."

என் மனைவி சமையலறையிலிருந்து தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"நாப்பது வெள்ளியா? ஒரு மங்குக்கா?" என்றார் அம்மா. அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் மங்கை வைத்துவிட்டு மழையைப் பார்க்க வாசலுக்குப் போனார்.

என் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் இளையவர்கள் லபுபு பொம்மை வாங்க வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு அது பிடிபடவில்லை. நான் வாங்குவது அன்றாடச் சாமான்களின் சிற்பங்கள். பித்தளையில் ஒரு பழைய தாழ்ப்பாள், பீங்கானில் கசங்கிய பால் டின், கையடக்கமாக ஒரு டிபன் கேரியர், ரப்பர் செருப்பு. ஆறு ஆண்டுகளில் 23 சேர்ந்துவிட்டன. கூடத்தில் கண்ணாடி அலமாரி ஒன்று இதற்கென்றே இருக்கிறது.

ஆரம்பம் ஈப்போ பழைய நகரத்தில். சுவரோவியங்களுக்குப் பெயர் பெற்ற லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் 2014இல் ஈப்போவின் சுவர்களில் சில படங்கள் வரைந்தார். அவற்றில் ஒன்றில் கோப்பி ஓ கட்டிய பிளாஸ்டிக் பைகள் தொங்கும். தினமும் விரலில் மாட்டிக்கொண்டு காருக்குப் போகிற அதே பை. அதை ஆளுயரத்துக்கு மேல் சுவரில் பார்த்தபோது, பையின் மூலையில் கோப்பி கறுத்துத் தேங்கி நிற்பதை முதன்முறையாகக் கவனித்தேன். சில மாதங்கள் கழித்து ஒரு கைவினைச் சந்தையில் அதே கோப்பிப் பை ரெசினில், சிவப்புக் கயிற்றோடு, 90 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. அதுதான் முதல் சாமான்.

இந்த வகைக் கலைக்கு வழி போட்டவர்களில் ஒருவர் கிளேஸ் ஓல்டன்பர்க். சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். 1961இல் நியூயார்க்கில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து, சாந்தில் செய்து வண்ணம் அடித்த சட்டை, செருப்பு, கேக் இவற்றையெல்லாம் மளிகைக் கடை போல அடுக்கி விற்றார். பிறகு பெரிதாகச் செய்யத் தொடங்கினார். பிலடெல்பியா நகர நடுவில் 1976 முதல் நிற்கிறது அவருடைய துணி கிளிப்பு. 45 அடி உயர இரும்பு. துணி உலர்த்தும்போது பல்லில் கடித்துக்கொண்டு நிற்போமே, அந்தக் கிளிப்புதான்.

நமக்கு நெருக்கமானவர் சுபோத் குப்தா. பீகாரில் இரயில்வே குடும்பத்தில் 1964இல் பிறந்தவர். அவருடைய மூலப்பொருள் எவர்சில்வர் பாத்திரங்கள். நம் வீட்டுத் தட்டு, டம்ளர், தூக்கு. 2006இல் அவற்றை அடுக்கி ஒரு பெரிய மண்டையோடு செய்தார். 2008இல் பாத்திரங்களாலேயே அணுகுண்டுப் புகை எழும்புவதுபோல் ஒன்று செய்தார். எடை 26 டன்.

நம் நாட்டிலும் உண்டு. செத்தாப்பாக்கில் ராயல் சிலாங்கூர் காட்சியகத்தில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயர ஈயக்கலவைக் குவளை ஒன்று நிற்கிறது. நிறுவனத்தின் நூற்றாண்டுக்காக 1985இல் செய்தது. ஈயம் தோண்டி வளர்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் பிறந்த எவருக்கும் அதைப் பார்த்தால் ஒரு பெருமை வரும்.

அதற்கும் முன்னால், 1974இல், ரெட்ஸா பியாடாசா, சுலைமான் ஏசா என்ற இரு கலைஞர்கள் கோலாலம்பூரில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். எரிந்து முடிந்த கொசுவர்த்திச் சுருள்கள், பலர் உட்கார்ந்து எழுந்த ஒரு காலி நாற்காலி, பாதி குடித்த இரண்டு கோக்க கோலா போத்தல்கள், கிள்ளான் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு மழைக்கோட்டு. சிற்பமாகக்கூடச் செய்யவில்லை. அப்படியே எடுத்து வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். இன்று மலேசியக் கலை வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தக் கண்காட்சியைத் தாண்டிப் போக முடியாது.

அதே 1974இல்தான் என் அம்மா பதினாறு வயதில் உளி பிடித்தார்.

இந்தக் கணக்கு எனக்கு மங்கு வந்த அன்று இரவுதான் உறைத்தது. சாப்பிட்டு முடித்து அம்மா அலமாரி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மங்கை நடுத்தட்டில், விளக்கு விழும் இடத்தில் வைத்திருந்தேன்.

"இத செஞ்சவன் மரம் வெட்டியிருக்க மாட்டான்" என்றார்.

"ஏம்மா?"

"பால் வழியுது பாரு. பால் எங்கடா வழியும்? ஒரு மரம் ஒரு நாளைக்கு விடுறது அரை மங்கு இருந்தா பெருசு. மங்கு ரொம்பி வழிஞ்சா அது மழைடா."

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். விடியுமுன் நாலு மணிக்கு எழுந்து, தலையில் விளக்குக் கட்டி, ஐந்நூறு மரம் வெட்டி முடிக்கும்போது மணி பத்தாகும். பால் இறங்குவதற்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் பசியாறுவது. அந்த நேரத்தில் மேற்கே கறுத்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைநிரையாக ஓட வேண்டும். மழை முந்திக்கொண்டால் தண்ணீரும் பாலும் கலந்து மங்கு நிரம்பும், மரத்தடியில் வெள்ளையாக ஓடும். அன்று ஸ்டோரில் நிறுப்பதற்கு ஒன்றும் இருக்காது.

"உங்கப்பா ஒரு தடவ அப்படி ஓடி வழுக்கி விழுந்து, கையில உளி ஏறிருச்சு. தழும்பு பாத்திருப்பியே. மங்கு வழியறது உங்களுக்கு அழகா இருக்கு. எனக்கு இன்னும் அடிவயிறு கலங்குது."

நான் விலை கொடுத்து வாங்கியதே அந்த வழிதலுக்காகத்தான். கலைஞர் தன் குறிப்பில் அதைத் தோட்டத்தின் செழிப்பு என்று எழுதியிருந்தார். நானும் அதை நம்பி, அலுவலக நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன்.

இனிமேல் நாற்பது வெள்ளி என்ற பொய்யைப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. "அம்மா, அது நானூத்து இருபது வெள்ளி" என்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்தார். "தோட்டத்துல கடைசி மாசம் நான் கையில வாங்குனது இவ்வளவு இல்லடா." கோபமில்லை, கணக்குச் சொல்லும் குரல்தான். எழுந்து படுக்கப் போய்விட்டார். நான் விளக்கை அணைக்காமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குள் இன்னொரு கடனும் இருந்தது. 1998இல் தோட்டத்தை விட்டு ஜெலாப்பாங்குக்கு வந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. ஒரு கோணிச் சாக்கில் அப்பாவின் இரண்டு உளி, ஒரு வாளி, இருபது முப்பது மங்கு இருந்தன. பழைய சாமான் வாங்க லாரியில் வந்த சீனரிடம் யாரையும் கேட்காமல் சாக்கோடு கொடுத்து ஆறு வெள்ளி வாங்கினேன். ஒரு பந்து வாங்கி விளையாடினேன். அப்பா காலமான பிறகு அந்த ஆறு வெள்ளி என்னை உறுத்தத் தொடங்கியது. யோசித்துப் பார்த்தால், இந்த அலமாரி முழுவதுமே அந்தச் சாக்கைத் திரும்ப நிரப்பும் முயற்சியோ என்னவோ.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஈப்போவில் மெமரி லேன் என்கிற பழம்பொருள் சந்தைக்கு அழைத்துப் போனேன். பழைய தட்டுகளுக்கும் மண்ணெண்ணெய் விளக்குகளுக்கும் நடுவில் ஒரு மங்கு கிடைத்தது. விளிம்பு கொஞ்சம் உடைந்த அசல் மங்கு. அம்மா எடுத்தார். கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரே சுழற்று சுழற்றினார். காலை வெட்டுக்கு முன் மங்கு துடைக்கும் அசைவு அது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த விரல் மறக்கவில்லை.

"ஆச்சி, லாப்பான் ரிங்கிட்" என்றார் கடைக்காரர்.

"லீமா" என்றார் அம்மா, யோசிக்காமல்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே சரி என்றார். நான் பணத்தை எடுத்தேன். அம்மா மங்கைத் திரும்பக் கீழே வைத்துவிட்டார்.

"வேணாம்."

"ஏம்மா, அஞ்சு வெள்ளிதானே?"

காரில் ஏறும்வரை பேசவில்லை. பிறகு சொன்னார்: "அது வீட்டுல இருந்தா நான் காலையில நாலு மணிக்கு முழிச்சுக்குவேன். அது வேல செய்யிற சாமான். உன் அலமாரியில இருக்கிறது வேல செய்யாது. அத சும்மா உக்காந்து பாத்துக்கிட்டிருக்கலாம்."

அப்பாவின் சாக்கு விஷயத்தையும் அப்போதுதான் சொன்னேன். "தெரியும். நீ குடுக்கலன்னா நானே ஆத்துல போட்டிருப்பேன்" என்றார்.

எத்தனையோ கண்காட்சிக் குறிப்புகளைப் படித்திருக்கிறேன். சாமானைச் சிற்பமாக்குவது எதற்கு என்று இவ்வளவு தெளிவாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. ஓல்டன்பர்க்கின் கிளிப்பில் துணி காயப்போட முடியாது. குப்தாவின் தட்டுகளில் சோறு போட முடியாது. வேலையிலிருந்து விடுபட்டதால்தான் அவற்றை நிமிர்ந்து பார்க்கிறோம். அந்தச் சாமானோடு மாரடித்தவர்களுக்கும் அப்போதுதான் அதை உட்கார்ந்து பார்க்கும் ஓய்வு கிடைக்கிறது.

இந்தப் பழக்கத்துக்குள் வர நினைக்கும் இளையவர்களுக்கு நான் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன். பிரதி எண்ணும் கலைஞர் கையொப்பமிட்ட சான்றும் இல்லாமல் வாங்காதீர்கள். ரெசின் வெயில் பட்டால் மஞ்சளடிக்கும், சன்னலோரம் வேண்டாம். நாளை விலை ஏறும் என்று கடன் அட்டையைத் தேய்க்காதீர்கள். ஜெஃப் கூன்ஸின் எவர்சில்வர் முயல் 2019இல் 9 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது உண்மைதான். ஆனால் அப்படிப் போவது லட்சத்தில் ஒன்று. வாங்கியதை வீட்டுப் பெரியவர்கள் கையில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். விலையை மட்டும் உண்மையாகச் சொல்லிவிடுங்கள்.

இப்போது அலமாரியில் ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு அட்டை வைக்கிறேன். கலைஞரின் பெயர், ஆண்டு, பிரதி எண்ணோடு, அதைப் பார்த்து அம்மா சொன்னதும் இருக்கும். டிபன் கேரியருக்குக் கீழே, "மேல் தட்டு உங்கப்பாவுக்கு" என்று இருக்கிறது. மங்கின் அட்டையில் என் மகள் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்: "இது மழை."

நேற்று மாலையும் ஜெலாப்பாங்கில் மழை கொட்டியது. வாசலுக்கு ஓடுவார் என்று நினைத்தேன். அம்மா நாற்காலியில் சாய்ந்து, கையில் கோப்பியோடு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை பெருசா வருதும்மா" என்றேன்.

"வழியட்டும்" என்றார்.